கொசுறு

இருபத்தெட்டு நாள்
பணம் அசையக்கூடாது என்றார்கள்.
இருபத்துமூன்று லட்சத்து நாற்பதாயிரம்
வழித்துத் துடைத்த என் கணக்கில்.
ஒரு ரூபாய் இறங்கினாலும்
எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

காலடிப்பேட்டை பலராமன் ஃபைனான்ஸில் எடுத்தது.
மாதத்துக்கு இரண்டு வட்டி.
நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை ஆறாயிரம்.
எங்களிடம் குடியிருக்க வந்த பணத்துக்கு
நாங்கள் கொடுத்த வாடகை
நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு.
முன்னாலேயே பிடித்துக்கொண்டார்.
மச்சானின் வீட்டுப் பத்திரம்,
தொகை எழுதாத காசோலை இரண்டு.
"ஏடிஎம் கார்டும் இங்கயே இருக்கட்டும்,
உங்கள நம்பாம இல்ல."

அன்று மாலை மோட்சராக்கினி
அத்தோ கடைக் கல்லாவிலிருந்து இருநூறைப் பிரித்து
அந்தக் கணக்கில் போட்டுவிட்டு வந்தாள்.
எதுக்கு என்றேன்.
"கொசுறு," என்றாள்.
"கறிவேப்பில இல்லாம காய் வாங்கினா
வாங்கின மாதிரியா கீது?"

நான் ட்ரெய்லர் ஓட்டுபவன்.
நாற்பதடிப் பெட்டியை முதுகில் ஏற்றி
எண்ணூர் சாலையில்
துறைமுகத்து கேட் திறக்கக் காத்து நிற்பவன்.
நிற்பது எனக்குத் தெரியும்.
பணம் நின்று அதுவரை பார்த்ததில்லை.
எங்களிடம் வருகிற பணம்
வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாது.

நாலாம் நாள் வங்கியிலிருந்து ஒரு குரல்:
"சார், உங்களுக்குன்னு தனி மேனேஜர் போட்டிருக்கோம்."
ஏழாம் நாள்,
"கார் லோன் ஏதும் பாக்கறீங்களா சார்?"
பக்கத்தில் இருந்த ஜிலானி
டீயைத் துப்பிச் சிரித்தான்.
"சாரு, கிளட்சு தேஞ்சி கீது,
மொதல்ல அத்த மாத்து சாரு."

பதினொன்றாம் நாள் கிளட்ச் போயேவிட்டது.
மணலி வளைவில், நடுராத்திரி.
ஓட்டின தப்பு என்று
பாதிச் செலவை என் தலையில் போட்டார் முதலாளி.
பன்னிரண்டாயிரம் கைமாற்றுக்கு
எட்டுப் பேரைக் கூப்பிட்டேன்,
இருபத்துமூன்று லட்சம் காட்டும் அதே போனில்.

பதினாறாம் நாள் மோட்சராக்கினிக்குக் கடைவாய்ப் பல்.
கிராம்பை வைத்து அடக்கினாள்.
ராத்திரி முழுக்கப் புரண்டவள்
விடியும்போது கேட்டாள்,
"இன்னிக்குப் பதினேழா?"

எஸ்லின் மட்டும் நாள் எண்ணவில்லை.
அவள் படிக்கப் போவது கரை அரிப்பு.
அவள் குழந்தையாக இருந்தபோது
எங்கள் தெருவைக் கடல் எடுத்துக்கொண்டது.
கருங்கல் கொட்ட வந்த லாரிகளில்
ஒன்றை நான் ஓட்டினேன்.
"அந்தக் கல்லே தப்புப்பா," என்கிறாள் இப்போது,
"இங்க போட்டா அடுத்த குப்பத்தப் புடுங்கும்."
அதைச் சரியாகச் சொல்லித்தர
சவுத்தாம்ப்டனில் ஒரு வருஷப் படிப்பாம்.
ஒரு லோடுக்கு எண்ணூறு வாங்கினேன் அன்றைக்கு.
அவளிடம் சொன்னதில்லை.

பத்தொன்பதாம் நாள்.
கேட் வரிசையில் கண்ணயர்ந்திருந்தேன், போன் நடுங்கியது.
குறுஞ்செய்திக் கட்டணம், வரி சேர்த்துப்
பதினேழு ரூபாய் எழுபது காசு பிடித்தம்.
பணம் பத்திரம், பணம் பத்திரம் என்று
எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் கூலி.

முதுகில் இருந்த பெட்டி
அப்படியே என்மேல் இறங்கியது.
கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.
இருபத்துமூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
அதன் வாலில்
நூற்று எண்பத்திரண்டு ரூபாய் முப்பது காசு.

மோட்சராக்கினியைக் கூப்பிட்டேன்.
வீங்கிய வாயோடு "ம்?" என்றாள்.
ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.
பின்னால் ஹாரன். வரிசை நகர்ந்திருந்தது.

இருபத்தொன்பதாம் நாள்
வங்கிக் கடிதத்தில் முத்திரை காயுமுன்
பலராமனின் ஆள் ஹெல்மெட்டோடு வந்து நின்றான்.
தனி மேனேஜர் அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

விசா வந்துச்சா என்கிறான் ஜிலானி.
இன்னும் இல்லை.
வந்தால்தான் நிஜக் கடன் ஆரம்பம்,
அது பத்து வருஷத்துக்கு.

நேற்று மோட்சராக்கினி
பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.
"கணக்குல கெடந்துச்சே, அத்த எடுத்தியா?"
பஞ்சைக் கடித்தபடி இல்லையென்று தலையாட்டினாள்.
ஸ்டான்லியில் பல்லுக்குக் காசு கிடையாதாம்.
ஷேர் ஆட்டோவுக்குத்தான் இருபது.